புருஷன் பெயர் கேட்ட அதிகாரி

நான் சொல்லப்போகும் மனிதருக்குப் பெயர் உண்டு. எழுத மாட்டேன். அவருடைய பெண்ணும் பையனும் இன்றைக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பம் பட்டது போதும். நாகலூர்ப் பக்கத்து அந்தக் காலத்து ஆட்கள் இதைப் படித்தால் யாரென்று உடனே கண்டுகொள்வார்கள். மற்றவர்களுக்கு எலக்சன்காரர் என்றால் போதும். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

ஒல்லியான ஆள். மழை இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். தோளில் காக்கித் துணிப்பை, பைக்குள் நீள நோட்டு, நோட்டு பிரியாமல் இருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையம். ஏற்காட்டில் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலை வந்தால் எங்கள் பக்கத்துக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, காப்பிக் காட்டுக்குள் அட்டைக்கடி பட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார்.

வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். என் மாமியாருக்கு அது பெரிய அவமானம். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணி உங்க தொண்டையில எறங்காதுங்களா?"

"எறங்கும்ங்க. நாளைக்கு எதுத்த ஊட்டுக்காரரு, அங்க தண்ணி குடிச்சாரு, அதான் செத்தவங்க பேரையெல்லாம் அடிக்காம உட்டுட்டாருன்னு சொல்லுவாருங்க."

"அப்படி யாரு செத்தாங்க எங்க ஊட்ல?"

"அதைத்தானுங்க கேக்க வந்தேன்."

அவர் குணம் அவ்வளவுதான். கேட்பார். கேட்டதை எழுதுவார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவார். கேட்காமல் ஒரு எழுத்து எழுத மாட்டார். பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிவிட்டுப் போகிற ஆட்களையே பார்த்திருந்த எங்களுக்கு அது முதலில் இம்சையாக இருந்தது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் வந்தார். "மருமகள்னு எழுதிக்கோங்க, போதும்" என்றார் அத்தை.

"மருமகளுக்கு ஓட்டு இல்லீங்க. ஆளுக்குத்தான் ஓட்டு. அம்மிணி, உங்க பேரு?"

அந்த வீட்டுக்கு வந்த நாளாக என் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். எழுதினார்.

"ஊட்டுக்காரர் பேரு?"

அங்கேதான் சிக்கல். எங்கள் மலையில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ஆயுசு குறையுமோ குறையாதோ, அது எங்கள் வழக்கம். நான் கையைத் தூக்கி மலை உச்சிக் கோயில் இருக்கிற திசையைக் காட்டினேன்.

"கோயிலுக்குப் போயிருக்காருங்களா? எப்ப வருவாரு?"

அத்தை சிரித்த சிரிப்பில் களத்தில் ராகி பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகள் ஓடிவிட்டன. "அட என்ர சாமி, அங்க இருக்கறாரே, அந்தச் சாமி பேருதாங்க அவனுக்கு!"

அவர் சிரிக்கவில்லை. எழுதி, வாசித்துக் காட்டி, சரியா என்று என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு ஒரு வருஷம் காப்பிப் பழம் பறிக்கிற சீசனில், எஸ்டேட்டில் நாங்கள் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த இடத்துக்கே நோட்டோடு வந்துவிட்டார். எங்களுக்குச் சொந்தமாகச் சாமைக்காடும் கொஞ்சம் மிளகும் உண்டு. சீசனுக்கு மட்டும் நான் எஸ்டேட்டுக்குப் போவேன். அன்றைக்கு நான் அவரை மடக்கினேன்.

"உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது சர்க்காரு. சர்க்காரை நடத்தறவங்களே எலக்சன்ல நிக்கறாங்க. அப்புறம் நீங்க யாரு பக்கம்ங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பறிச்ச பழத்தை அளக்கறது யாருங்க?" என்று கேட்டார்.

"ரைட்டரு ஆளு" என்றேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஆள் மேய்க்கிறவனைத்தான் ரைட்டர் என்போம்.

"பொட்டியைத் தட்டித் தட்டி அளப்பானுங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பெட்டியைத் தட்டினால் பழம் கீழே இறங்கும். இன்னும் இரண்டு கை அள்ளிப் போட வேண்டும். எங்கள் வயிற்றெரிச்சலே அந்தத் தட்டுதான்.

"அளக்கறவன் எஸ்டேட்டு ஆளாவும் இருக்கக் கூடாது, உங்க ஆளாவும் இருக்கக் கூடாது. நாட்டுக்கு அந்த அளவுக்காரன்தான் எலக்சன் கமிஷன். அதை எந்த மந்திரியும் உண்டாக்கலீங்க. அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்குது. எலக்சன் வேலைன்னு என்னை அனுப்பிட்டா, அது முடியற வரைக்கும் எனக்கு மொதலாளி அதுதான். கலெக்டருக்கும் அதுதான்."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் பழைய ஆபீஸு, பழைய நாற்காலிங்க."

அதை நான் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு எலக்சன் வந்தது. அப்போது மிஷின் இல்லை. சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடிக்குத் தலைமை அதிகாரியாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். ரிசர்வில் இருந்த இவரை அனுப்பிவிட்டார்கள். எலக்சன்காரரே வந்திருக்கிறார் என்று எங்களுக்குப் பெருமை. தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுப் பொழுது உச்சிக்கு வரும் நேரத்தில் போனேன்.

பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சேலத்துப் பக்கத்து வாத்தியார் ஒருவர். பெயர் கேட்டார், சொன்னேன். புருஷன் பெயர் கேட்டார். நான் நின்றேன். கையைத் தூக்கி மலையைக் காட்டினேன். அந்த மனிதருக்கு விளங்கவில்லை.

"வாயில சொல்லும்மா. எங்கியோ கையைக் காட்டறே?" என்றவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டு காலையிலயே ஆயிருச்சே. அந்தம்மா புருஷன் பேரை டக்குனு சொல்லிட்டுப் போட்டுட்டுப் போயிருச்சு. உனக்குப் புருஷன் பேரே தெரியல. போ, போ" என்றார்.

வரிசையில் நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பத்து விரலையும் அந்த மேஜைமேல் விரித்து வைத்தேன். "மை எங்க இருக்குதுன்னு காட்டுங்க. காட்டிட்டு அப்புறம் போகச் சொல்லுங்க."

எனக்கு முன்னால் வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கும் இதே கதை என்று பிறகு வரிசையில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கட்சி ஏஜென்டுகள் தட்டிக் கேட்கக் கூடாதா என்பீர்கள். ஒருவன் எஸ்டேட் ரைட்டருடைய மச்சான். இன்னொரு கட்சிக்காரன் ரைட்டர் வாங்கிக் கொடுத்த இட்டிலியைத் தின்னப் போனவன் திரும்பி வரவில்லை.

சத்தம் கேட்டு எலக்சன்காரர் பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், வாத்தியாரிடம் திரும்பினார்.

"காலையில வந்தவங்க புருஷன் பேரைச் சொன்னாங்களா? தயங்காம?"

"பாடம் ஒப்பிக்கற மாதிரி சொன்னாங்க சார். நீங்கதானே பேரு, புருஷன் பேரு ரெண்டையும் கேட்டுப் பொருந்தினாத்தான் சீட்டுன்னு சொன்னீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "தப்பு என்னுதுங்க" என்றார். வாத்தியாரிடம் இல்லை, என்னிடம். "இந்த மலையில புருஷன் பேரைச் சொல்லாதவங்களைத்தான் உள்ள உட்டிருக்கோணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கீழ்நாட்டுச் சட்டமாவே சொல்லி உட்டுட்டேன்."

நடந்தது இதுதான். சீசனுக்குக் கீழிருந்து வந்த பெண்களை ரைட்டர் லாரியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பெயரும் ஒரு புருஷன் பெயரும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். எவன் பெயரையோ சொல்வதற்கு அவர்களுக்கு ஏன் நாக்குக் கூசப்போகிறது?

"சரிங்க, எனக்குச் சீட்டைக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். அந்தச் சீட்டின் பின்னால் ஏதோ எழுதினார். கையெழுத்து வாங்கினார், விரலில் மை வைத்தார். முத்திரை குத்திக்கொண்டு வந்தால், பெட்டியில் போட விடாமல் ஒரு உறையை நீட்டினார்.

"இதுக்குள்ள போடணுங்க, அம்மிணி. உங்க பேருல வேற ஆளு போட்டுட்டதால இது தனி ஓட்டு."

"எண்ணும்போது இதையும் எண்ணுவாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானும் நம்பிப் போயிருப்பேன். "சாதாரணமா எண்ண மாட்டாங்க. நீங்க வந்தீங்கங்கறதுக்கு இது அத்தாட்சி."

"களவாணி போட்டது பொட்டிக்குள்ள. நான் போட்டது உறைக்குள்ள. நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

நான் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பிப் போன பெண்களை ஒவ்வொரு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு ஒவ்வொருத்திக்கும் உறை கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து லாரி இரண்டாவது நடை வந்தது. இந்த முறை எலக்சன்காரரே பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வந்தவள் பெயரையும் புருஷன் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"சரிங்க. உங்க ஊட்டுக்கு எதுத்த ஊடு யாருதுங்க?"

அவள் முழித்தாள். பின்னால் நின்றவள் முந்தானையை இழுத்துக்கொண்டு நழுவினாள். ஒருத்தி போனதும் எல்லாரும் போனார்கள். வாசலில் நின்ற ரைட்டர் உள்ளேயே வந்துவிட்டான்.

"யோவ் கிளார்க்கு, நாளைக்கு எந்த ஆபீஸ்ல உக்காருவேன்னு நெனப்பு இருக்குதா உனக்கு?"

"இருக்குதுங்க. இன்னிக்கு நான் கமிஷன் ஆளு. ஓட்டு இல்லாதவங்க சாவடிக்குள்ள நிக்கக் கூடாது. வெளிய போங்க." போலீஸ்காரரைக் கூப்பிட்டு வெளியேற்றினார்.

சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு வைத்தபின் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தார். தலைமை அதிகாரிக்கு அதற்கென்று ஒரு டைரி உண்டாம். எழுதி, வழக்கம்போல வாசித்துக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்று நானே கேட்டேன். லாரி, ரைட்டர், திரும்பிப் போன பெண்கள், அவர்கள் பெயர்கள், எல்லாம் இருந்தது. கடைசியில், "புருஷன் பெயரைச் சொன்னால் போதும் என்று உத்தரவிட்டவன் நான். இவ்வூர் வழக்கம் தெரிந்திருந்தும் கவனிக்கத் தவறினேன்" என்று இருந்தது.

வாத்தியார் பதறிப்போனார். "சார், அந்தக் கடைசி வரி எதுக்கு? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

"அது இல்லேன்னா மத்ததை எவன் நம்புவான்?" என்றார்.

நம்பினார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். டெல்லியில் கமிஷன் அந்தச் சாவடி ஓட்டு செல்லாது, திரும்ப நடத்து என்று உத்தரவு போட்டது. தண்டோரா போட்டார்கள். பழைய மை இருந்ததால் இந்த முறை நடுவிரலில் வைத்தார்கள். புதிதாக வந்த அதிகாரி எங்களில் யாரையும் புருஷன் பெயர் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரியை அடையாளம் காட்டச் சொன்னார். சீட்டைப் பெட்டிக்குள் போட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எலக்சன்காரரைத்தான் காணவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டில் சந்தையன்று பார்த்தேன். இளைத்திருந்தார். ஆபீஸில் மெமோ கொடுத்திருக்கிறார்களாம். கள்ள ஓட்டுக்கு இடம் கொடுத்தார், கவனக்குறைவு என்று குற்றம்.

"சாட்சி யாருங்க?"

"நான்தாங்க. நான் எழுதின கடைசி வரி."

எனக்குச் சந்தையிலேயே கத்த வேண்டும் போல இருந்தது. லாரி ஓட்டியவன் இருக்கிறான், சொல்லிக் கொடுத்தவன் இருக்கிறான், பொய்ப் பெயரில் போட்டவள் இருக்கிறாள், ஒருத்தருக்கும் மெமோ இல்லை. தன் தப்பைத் தானே எழுதியவனுக்கு மெமோ.

"கமிஷனுக்கு எழுதிப் போடுங்க. உங்க மொதலாளிதானுங்க அது?"

"எலக்சன் முடிஞ்சுதுங்க, அம்மிணி. இப்ப நான் மறுபடியும் இவங்க ஆளு."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அளக்கிறவன் தனி ஆளாக இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள், அளந்து முடித்தபின் அவன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவான் என்று யோசிக்கவில்லையா? இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து எழுதினார்களே, மூன்றாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியவில்லையா?

சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். வேண்டாம், எஸ்டேட்டில் சீசன் வேலை போய்விடும் என்றார். "ரைட்டரு அளந்தாத்தான் எங்க ஊட்ல ஒலை கொதிக்கும்னு நெனச்சீங்களா?" என்றேன். விசாரணை நாளுக்குச் சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு பெரிய ஆபீஸர். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க வெற்றிலைப் பெட்டியை மேலே வைத்திருந்தார். எலக்சன்காரர் ஓரத்தில் நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு இவரு தப்புப் பண்ணினாரா, இல்லியா? அதை மட்டும் சொல்லும்மா."

"பண்ணினாருங்க. என் மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டாரு. அதைப் புஸ்தகத்துல எழுதியும் வச்சாரு. அதனாலதான் எங்களுக்கு ஓட்டுத் திரும்பக் கெடச்சுது. அன்னிக்குத் தப்புப் பண்ணினவங்க நொம்பப் பேருங்க, எழுதி வச்சவரு இவரு ஒருத்தருதான்."

பக்கத்திலிருந்த கிளார்க் எழுதி ஒரு தாளை நீட்டினார், மைப் பெட்டியோடு. "ரேகை வச்சிட்டுக் கெளம்பு."

"எனக்குக் கையெழுத்து வரும். மொதல்ல படிக்கறேன்."

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நேரமாகும். ஆபீஸர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. தாளில் என் பெயர், ஊர், அப்புறம் "அவர் தவறு செய்தார், அதை என்னிடமே ஒப்புக்கொண்டார்" என்று இருந்தது. அதோடு சரி.

"மீதி எங்கீங்க?"

"அது போதும்."

"நான் பேசினது அவ்வளவு இல்லையே. மீதியையும் எழுதுங்க, போடறேன்."

எழுத மாட்டோம் என்றார்கள். போட மாட்டேன் என்றேன். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எலக்சன்காரர் கூட வந்தார். பஸ் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்பள உயர்வை நிறுத்தி, கடலோரத்தில் ஏதோ ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். விசாரணைக் காகிதத்தின் நகல் கைக்கு வந்திருந்தது. அதை விரித்து என் முன்னால் வைத்தார். அந்தப் பாதி வாக்குமூலம். அதன் அடியில், என் பெயருக்கு நேரே, ஒரு கட்டைவிரல் ரேகை.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, அம்மிணி. நீங்க திரும்பப் போய் இதை வச்சீங்களா?"

"நான் ரேகை வைக்கறவளா? நான் கையெழுத்துப் போடறவ. பள்ளிக்கூடத்துல எனக்கு எதுக்கு உறை குடுத்தீங்க? என் பேருல எவளோ போட்டான்னு. இப்ப ஆபீஸுக்குள்ளயே போட்டிருக்கறாங்க. அந்த ஆபீஸரு மனுசனா? களவாணிப் பய. வெத்தலைப் பொட்டியை வச்சு நாயத்தையும் சேர்த்து அமுக்கி வச்சிருக்கறான்." இன்னும் என்னென்னவோ சொன்னேன். அத்தை என்னைவிடக் கூடுதலாகச் சொன்னார்.

எல்லாம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். "மேல அப்பீல் போடறேங்க. நீங்க சொன்னதை எழுதிக்கலாங்களா?"

"எழுதுங்க. ஒரு சொல்லு உடாம எழுதுங்க."

எழுதினார். எனக்குப் புரிகிற எழுத்தாகப் பெரிது பெரிதாக எழுதினார். முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். பாதியில் நின்று, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"களவாணிப் பயன்னு ஒரு எடத்துல வருதுங்க. அதை எடுத்துரலாங்களா?"

தாளை வாங்கி அந்த இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.